திரை வந்ததும் எழுதறேன்

ஜூன் 3

வாலுவின் அப்பாவுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் என் மனசு மாறிடுச்சுன்னு நினைச்சுக்க வேண்டாம். இது வேலை விஷயம். போன்லயே கேட்டிருக்கலாம். ஆனா நம்ம பேச்சு எதுல ஆரம்பிச்சாலும் எங்க போய் முடியும்னு உங்களுக்கே தெரியும். எழுதினா குரல் உசராது.

நீங்க போன நாள்லேருந்து கம்ப்யூட்டரை நான் அணைக்கவே இல்லை. அணைச்சா திரும்ப எழுப்பத் தெரியாதே, அந்த பயம். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நேத்து மத்தியானம் கரண்ட் போயிட்டு வந்துச்சு, முடிஞ்சுது கதை. இப்போ வெறும் கறுப்புத் திரை. மேல வெள்ளை எழுத்துல ரெண்டு வரி, கீழ ஒரு கோடு விட்டு விட்டு மின்னுது.

மத்தவங்க வீட்டுலயெல்லாம் ஸ்விட்ச் போட்டதும் பேரும் படமுமா ஒரு திரை வருது. தொட்டா திறக்குது. நம்ம வீட்டுலயும் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. "மெஷின் மூச்சு வாங்குது, படமெல்லாம் எதுக்கு"ன்னு எடுத்து விட்டது நீங்க. அப்புறம் தினமும் நீங்க வேலைக்குக் கிளம்பற நேரத்துல, "ஏங்க, கொஞ்சம் திறந்து விட்டுட்டுப் போங்களேன்"னு நான் உங்க பின்னாடி வந்து நிக்கணும்.

இருமல் மருந்து லேபிள் பாதி வரைஞ்சபடி உள்ளே மாட்டிக்கிட்டு இருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள அச்சகத்துக்குப் போகணும். அந்தப் படத்திரையைத் திரும்ப வரவழைக்கறது எப்படின்னு முழுசா, எனக்குப் புரியற மாதிரி எழுதி அனுப்புங்க. இது ஒண்ணுதான் கேக்கறேன்.

வாலு நல்லா இருக்கா. முன்பல் ஆடுது.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா

ஜூன் 6

அன்புள்ள லேபிள்காரிக்கு,

உறை மேல உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காம ரொம்ப நேரம் சட்டைப் பையிலேயே வெச்சிருந்தேன், சிரிக்காதே. வக்கீல் நோட்டீஸோன்னு நினைச்சுட்டேன். பிரிச்சுப் பார்த்தா கம்ப்யூட்டர்! நல்ல வேளை, அதுவாவது என்னைத் தேடுது.

நான் இன்னும் கூட வேலை பார்க்கிறவன் அறையிலதான் இருக்கேன். ஒரு கட்டில், ஒரு பாய். பாய் எனக்கு. ஆபீஸ் சர்வர் அறையில அத்தனை மெஷின் இரைச்சலுக்கு நடுவுல கண்ணசர்ற எனக்கு, இவன் விடற குறட்டையில தூக்கமே வர்றதில்லை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஆற அமர ஒவ்வொண்ணாப் போவோம். கூட ஒரு துண்டுச் சீட்டு வெச்சிருக்கேன். அதுல இருக்கறதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடி. முதல்ல என் பேரு, அப்புறம் என் பாஸ்வேர்டு. உன் பேருல போனா மெஷின் மதிக்காது, அதிகாரமெல்லாம் என் பேருக்குத்தான் குடுத்திருக்கேன். பாஸ்வேர்டு அடிக்கிறப்போ திரையில ஒரு புள்ளிகூடத் தெரியாது. தெரியலையேன்னு கீபோர்டைப் போட்டு உடைக்காதே. உள்ளே போனதும் என்ன வருதுன்னு எழுது. அதைப் பார்த்துட்டு அடுத்தது சொல்றேன்.

கோபம் கொஞ்சமாவது ஆறியிருக்கா? ஒரு மெயிலுக்காக ஒரு மனுஷனை யாராவது வீட்டை விட்டு அனுப்புவாங்களா, நீயே சொல்லு. நான் எப்போ வர்றது?

என்றும் உன்,
வாலுவின் அப்பா

ஜூன் 9

வாலுவின் அப்பாவுக்கு,

சீட்டுல இருந்தபடியே அடிச்சேன். உள்ளே விட்டுடுச்சு. ஆனா அதே கறுப்புதான், இன்னும் ரெண்டு வரி கூடியிருக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் அந்த பாஸ்வேர்டைக் கண்ணுல காட்டியிருக்கீங்க. அடேயப்பா, வாலு பிறந்த தேதி! இதைத்தான் என்கிட்ட மறைச்சு வெச்சிருந்தீங்களா?

ஒரு மெயில்னு சுலபமா எழுதிட்டீங்க. மருந்துக் கம்பெனி என்னை நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டு எழுதியிருந்தாங்க. அதை எனக்கு முன்னாடி திறந்து படிச்சு, "விருப்பம் இல்லை"ன்னு என் பேருலயே பதில் போட்டது நீங்க. ரெண்டு மாசம் கழிச்சு அச்சகத்துக்காரர் "ஏம்மா வேண்டாம்னுட்டே?"ன்னு கேட்டப்போ, நான் நின்ன நிலை எனக்குத்தான் தெரியும். கேட்டதுக்கு, "உன் நல்லதுக்குத்தான்"னீங்க. அதை விடுங்க, எழுத எழுத எனக்கு வயித்தெரிச்சல்தான்.

தினமும் காலையில கடைசியா ஏதோ ஒண்ணு தட்டுவீங்களே, அப்புறம்தானே படம் வரும்? அது என்ன? அதைச் சொன்னாலே இப்போதைக்கு வேலை நடந்துடும்.

வாலு தினமும் பல்லைக் காட்டி, "அப்பா வர்றதுக்குள்ள விழுந்துடுமா?"ன்னு கேக்கறா. நான் அவளைப் பல் தேய்க்க அனுப்பிட்டேன்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா

ஜூன் 12

அன்புள்ள கோவக்காரிக்கு,

விழுந்த பல்லைத் தூக்கிப் போட்டுடாதே, எனக்குப் பார்க்கணும்.

காலையில நான் அடிக்கிறது வேற. அது அன்னன்னைக்கு மட்டும்தான். நீ கேட்டது ஒரேயடியா சரியாகணும்னு. அதைக் குழப்பிக்க வேண்டாம். ரெண்டாவது சீட்டு வெச்சிருக்கேன். அதை அடிச்சா, ஸ்விட்ச் போட்டா மெஷின் கறுப்புத் திரைக்கு எழுந்திருக்குதா, படத்திரைக்கான்னு அதுவே ஒரு சொல்லுல சொல்லும். வர்ற பதிலைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு ஒரு எழுத்து விடாம எழுதி அனுப்பு. அதைப் பார்க்காம நான் மேல ஒண்ணும் சொல்ல முடியாது.

இல்லைன்னா ஒண்ணு பண்ணலாம். ஞாயித்துக்கிழமை நானே வந்துடறேன். பத்து நிமிஷ வேலை. நீ வாசல்ல நிக்க வெச்சாலும் சரி, கீபோர்டை வெளியே நீட்டு, நின்னுக்கிட்டே அடிச்சுடறேன்.

என்றும் உன்,
வாலுவின் அப்பா

ஜூன் 16

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நேத்து பல்லு விழுந்துடுச்சு. பருத்தித் துணியில சுத்தி, உங்க மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள போட்டு வெச்சிருக்கா. வாசல்ல கீபோர்டு நீட்டறதைப் படிச்சுக் காட்டினேன், ரெண்டு பேரும் சிரிச்சோம். நானும்தான். எழுதக்கூடாதுன்னு நினைச்சேன், எழுதிட்டேன்.

உங்க சீட்டுக்கு மெஷின் குடுத்த பதிலை அப்படியே பின்பக்கம் எழுதியிருக்கேன், பாருங்க.

நீங்க வர வேண்டாம். வேண்டாம்னா இப்போ வேண்டாம். எழுதுங்க. இந்த ஒரு தடவை நானே என் கையால சரி பண்ணணும்னு இருக்கு. ஏன்னு கேக்காதீங்க. மீதி எத்தனை படி இருந்தாலும் மொத்தமா ஒரே கடிதத்துல எழுதிடுங்க, நான் ஒண்ணும் பயந்துக்க மாட்டேன். அச்சகத்துல ஒரு மூலையில அவங்க கம்ப்யூட்டர்ல உக்காந்து லேபிளை முதல்லேருந்து வரைஞ்சுக்கிட்டு இருக்கேன். தோள்பட்டை விட்டுப் போகுது. போற வர்றவனெல்லாம் பின்னாடி நின்னு, "அந்தக் கலரைக் கொஞ்சம் தூக்குங்கம்மா"ங்கறான்.

திரை வந்ததும் உங்களுக்கு வேற ஒரு விஷயம் எழுதறேன். நல்ல விஷயம்தான்.

அன்புடன்,
வாலுவின் அம்மா

ஜூன் 19

என் அன்புக்குரியவளுக்கு,

நல்ல விஷயமா! அதை இப்பவே எழுதினா என்னவாம்? பாயில புரண்டு புரண்டு படுத்து யோசிச்சுட்டேன். குறட்டைக்காரனே எழுந்து, "என்னண்ணே, பூச்சி கடிக்குதா?"ன்னு கேட்டான்.

நீ எழுதின பதிலைப் பார்த்தேன். நான் நினைச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா மொத்தமா எழுதுன்னு சொல்றியே, அங்கதான் பயமா இருக்கு. ஒரு இடத்துல தப்பாப் போனா மெஷின் படுத்துடும், அப்புறம் உன் லேபிளெல்லாம் அம்போதான். அதனால இந்தத் தடவையும் ஒரே சீட்டு. அந்தத் திரையைக் கொண்டுவர்ற ப்ரோகிராம் மெஷின்ல இருக்கா இல்லையான்னு இது சொல்லும். அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் மேல போக முடியும். எழுது.

இந்த ஞாயிறு இல்லைன்னா அடுத்த ஞாயிறு வர்றேனே? சட்டையெல்லாம் துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன். நான் இல்லாம அந்த மெஷினோட நீ எதுக்கு மல்லுக்கட்டணும், நான் எதுக்கு இருக்கேன்?

என்றும் என்றும் உன்,
வாலுவின் அப்பா

ஜூன் 24

வணக்கம்.

திரை வந்துடுச்சு. நீங்க வர வேண்டாம்.

எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கும், சொல்றேன். மூணாவது சீட்டுல இருந்ததை அடிச்சேன். ஒரு எழுத்து தப்பாப் போச்சு. திருத்தப் போன இடத்துல விரல் மேல் அம்புக்குறியில பட்டுடுச்சு. முன்னாடி அடிச்ச வரி தானா வந்து நின்னுச்சு. அட, இது நல்லா இருக்கேன்னு இன்னொரு தடவை அழுத்தினேன். அதுக்கும் முந்தினது வந்துச்சு. நான்தான் உங்க பேருல உள்ளே போயிருக்கேனே! அழுத்த அழுத்த நீங்க அடிச்சதெல்லாம் வரிசையா வருது. காலையில என்னைப் பின்னாடி நிக்க வெச்சு ஒண்ணு தட்டுவீங்களே, அது வெறும் ஒத்தை வார்த்தைங்க, திரும்பத் திரும்ப அதேதான் வருது. வாலுவே அடிச்சுடுவா. அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரலை.

விடாம மேல போனேன். ரெண்டாவது சீட்டுக்கு மெஷின் சொன்ன பதில் ஒரு வரியோட கடைசியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கறுப்புத் திரைக்கு மாத்தினது அந்த வரிதான்னு அப்பவே புரிஞ்சுது. அதுக்கு நேர் முந்தின வரியும் அதேதான், கடைசிச் சொல் மட்டும் வேற. 'கிராஃபிக்கல்'. அது படத்தைச் சொல்ற சொல்லுன்னு லேபிள் வரையறவளுக்குத் தெரியாதா? அதுல நிறுத்தி என்டர் தட்டினேன். உங்க பாஸ்வேர்டைக் கேட்டுச்சு, குடுத்தேன். மெஷினை அணைச்சுப் போட்டேன். அவ்வளவுதாங்க வேலை. ஒரு வரி. இதுக்கா எனக்கு மூணு சீட்டு?

திரையில மூணு படம் வந்து நின்னுச்சு. நீங்க, வாலு, நான். என் படத்தைக் கிட்டப் போய் உத்துப் பார்த்தேன். போன பிறந்தநாளுக்கு மூக்குல கேக் க்ரீமோட நான் சிரிச்சது. அன்னைக்கு, "உன் திரையைத் திரும்பக் கொண்டுவந்து தர்றேன், அதான் இந்த வருஷப் பரிசு"ன்னு கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தீங்க. ரொம்ப நேரம் கழிச்சு வெளியே வந்து, "மெஷின் பழசு, தாங்கலை"ன்னீங்க. பாவம், எவ்வளவு மெனக்கெட்டாருன்னு நான் காபி போட்டுக் குடுத்தேன். அன்னைக்கு எடுத்த படம் இதுல இருக்குன்னா, அந்தத் திரை அன்னைக்கே வந்திருக்குங்க! வந்து, என் படத்தையும் அழகா வெச்சு, கண்ணால பார்த்துட்டு, அடுத்த வரியிலேயே திருப்பி எடுத்திருக்கீங்க. நாளைக்குக் காலையில இவ நம்மளைக் கூப்பிட மாட்டாளேன்னு தோணியிருக்கும். கேட்டா இல்லைம்பீங்க. அதனால கேக்கலை.

நல்ல விஷயம் என்னன்னு கேட்டிருந்தீங்கல்ல? "வந்துடுங்க"ன்னு ஒரு கடிதம். பல்லு விழுந்த அன்னைக்கே எழுதி, உறை ஒட்டி, ஸ்டாம்ப்பும் ஒட்டி அலமாரியில வெச்சிருந்தேன். ஒண்ணே ஒண்ணு பார்க்கணும்னு காத்துக்கிட்டு இருந்தேன். இந்த ஒரு தடவையாவது ஒரு விஷயத்தை முழுசா என் கையில குடுத்துட்டு நகர்ந்துக்கறாரான்னு. குடுத்திருந்தா அந்த மெயிலையும் மறந்திருப்பேன். சத்தியமா மறந்திருப்பேன். கடிதத்தைக் கிழிச்சுட்டேன். கிழிச்சுட்டு அழுதேன், அதையும் மறைக்கலை.

லேபிள் அச்சுக்குப் போயிடுச்சு. அந்த வேலை இன்னும் இருக்கான்னு கேட்டு கம்பெனிக்கு நானே எழுதியிருக்கேன். பதில் வரலை. வராமலும் போகலாம்.

வாலுவை ஞாயித்துக்கிழமை பூங்காவுல வந்து பாருங்க, அதுக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். பல்லைக் கொண்டு வருவா.

உங்க மூணு சீட்டையும் இதோட திருப்பி அனுப்பறேன். திரையில உங்க படம் இன்னும் இருக்கு. அதை எடுக்கறது எப்படின்னு உங்ககிட்ட கேக்கப் போறதில்லை. நானே கண்டுபிடிச்சுக்கறேன்.

இப்படிக்கு,
லேபிள்காரி