நீ வைத்த நட்சத்திரக் குறி

இன்று காலை பேப்பரில் ஒரு வட்டம் வந்திருக்கிறது. உலகத்தில் எந்த டிராக்டர் கம்பெனி எவ்வளவு விற்கிறது என்று அந்த வட்டத்தைத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு நிறம் பூசியிருக்கிறார்கள். இந்த மாதிரிப் பக்கங்களை நான் காய் நறுக்கத்தான் விரிப்பது வழக்கம். இன்று கண் கீழே போய்விட்டது. ஓரத்தில் எறும்பு போல ஒரு நட்சத்திரக் குறி. அதற்கு நேரே பொடி எழுத்தில், பாகங்களாக அனுப்பி வேறு நாட்டில் பொருத்திய வண்டிகள் ஒரு முறை மட்டுமே எண்ணப்பட்டன என்று ஒரு வரி.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நீ கண்ணை மூடி ஐம்பது நாளாகிறது. அந்த ஒரு வரி இல்லை என்றுதானே உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். நீ எழுதிய வரி. நான் எடுத்த வரி. இன்றைக்கு அதை எவனோ சாவகாசமாகப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

அறுபதுகளின் பிற்பாதியில் பல்லார்ட் எஸ்டேட்டில் நாம் இருவரும் வேலை பார்த்த அந்த ஆபீஸ் உனக்கு மறந்திருக்காது. வெளிநாட்டு டிராக்டரைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து இங்கே பொருத்தி விற்கும் கம்பெனி. நான் டைப்பிஸ்ட். நீ புள்ளிவிவர கிளார்க். நீ தாராவியிலிருந்து நடந்து வந்து சயானில் ரயில் ஏறுவாய். அடுத்த ஸ்டேஷன் மாதுங்காவில் நான் ஏறுவேன். லேடீஸ் பெட்டியில் உன் பக்கத்து இடத்தில் உன் குடை படுத்திருக்கும். எவள் வந்து கேட்டாலும், ஆள் வருகிறது என்று இந்தியில் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொள்வாய். திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரப் பெண் நீ. நான் கும்பகோணத்து வீட்டுப் பெண். என் டப்பாவிலிருந்து தயிர் சாதம் உனக்குப் போகும், உன்னிடமிருந்து எனக்கு வெறும் பேச்சுதான் வரும், மீன் குழம்பை எனக்குத் தர முடியாதே என்று அதற்கும் சிரிப்பாய்.

நாம் இரண்டு பேரும் ஒரு டிராக்டரைத் தொட்டுப் பார்த்ததில்லை. அந்த ஆபீஸில் யாருமே பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ஆனால் உலகத்து டிராக்டரெல்லாம் உன் மேசையில்தான் வந்து நின்றது. கப்பல் தபாலில் வரும் பத்திரிகைகள், வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள், தூதரக நூலகத்தில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நீ பென்சிலில் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகள். யாருக்கு முதல் இடம், யாருக்கு இரண்டாம் இடம் என்று மேனேஜருக்கு ஒரு பட்டியல் வேண்டும். அதைக் கூட்டல் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீதான் சொன்னாய், ஒருத்தன் தொழிற்சாலை வாசலைத் தாண்டியதை விற்பனை என்கிறான், ஒருத்தன் குடியானவன் கையில் போய்ச் சேர்ந்ததைத்தான் விற்பனை என்கிறான், ஜப்பானில் கையால் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிற இரண்டு சக்கர வண்டியையும் சேர்க்கிறார்கள், ஒருவன் வருஷம் அக்டோபரில் முடிகிறது, இன்னொருவன் வருஷம் டிசம்பரில் முடிகிறது என்று. ஆளாளுக்கு ஒரு படி வைத்துக்கொண்டு அளந்தால் யார் வீட்டில் நெல் அதிகம் என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் ஒரே படிக்குக் கொண்டுவர நீ இரண்டு மாதம் மாரடித்தாய்.

அந்த நாளில்தான் பஞ்சாபிலிருந்து ஒரு சர்தார்ஜி வந்தார், ஞாபகம் இருக்கிறதா? டிராக்டருக்குப் பதிவு செய்து வருஷக் கணக்கில் காத்திருந்தவர். ரிசப்ஷனில் நாள் பூராவும் உட்கார்த்தி வைத்தார்கள். நீ மட்டும்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாய். சுவரில் இருந்த உலகின் முதலிடம் என்ற போர்டைக் காட்டி அவர் உன்னிடம் என்னவோ கேட்டார். என்ன கேட்டார் என்று ரயிலில் விசாரித்தேன். உலகத்துக்கே விற்கிறீர்களே, எனக்கு ஒன்று இல்லையா என்று கேட்டாராம்.

மறுநாள் காலை நான் ஏறியதும் குடையை எடுத்துவிட்டு ஒரு தாளை நீட்டினாய். நம் கம்பெனியின் முதலிடம் பொய் என்றாய். கடல் கடந்த தலைமை ஆபீஸ், பெட்டியில் பாகங்களாக அனுப்பிய வண்டிகளைத் தன் விற்பனையில் ஏற்கெனவே எண்ணிவிட்டது. அதே வண்டிகளை இங்கே பொருத்தி விற்றதும் நாம் இன்னொரு முறை எண்ணிக்கொண்டோம். எனக்கு மண்டையில் ஏறவில்லை. நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"ஏட்டி, ஒரே பிள்ளைய அம்மை வீட்டு ரேஷன் கார்டுலயும் எழுதி, மாமியா வீட்டு ரேஷன் கார்டுலயும் எழுதுனா ஊர்ல பிள்ளை கூடிருமா? சீனிதான் கூடும்."

சிரித்த சிரிப்பில் எதிரே இருந்த மராத்திக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். திருத்திப் பார்த்தால் நமக்கு மூன்றாம் இடம். நீ புதுப் பட்டியல் எழுதினாய், நான் டைப் அடித்தேன். நம் கம்பெனியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அடியில் அந்த வரி. அசல் மேனேஜருக்கு, ஒரு கார்பன் காப்பி ஃபைலுக்கு, இன்னொன்று உனக்கு. உன் மேசைக்குப் பூட்டு கிடையாது, என் டிராயருக்கு உண்டு. நீயே வச்சுக்க என்று கொடுத்தாய். ஆபீஸ் வழக்கப்படி தாளின் இடது மூலையில் தயாரித்தவரின் இனிஷியல் பெரிய எழுத்தில், ஒரு சாய்கோடு, டைப் அடித்தவரின் இனிஷியல் சின்ன எழுத்தில். நீ, கோடு, நான்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் மாதுங்காக்காரர், என் அப்பாவுக்குத் தெரிந்தவர், எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். ஆபீஸில் இங்கிலீஷ்தான் பேசுவார். அன்றைக்குத் தமிழில் பேசினார். டெல்லிக்கு லைசென்ஸ் மனு போகிறது, டீலர்கள் கூட்டத்துக்கு அச்சடிக்க வேண்டும், இந்த நேரத்தில் மூன்றாம் இடம் என்று போட்டால் நன்றாக இருக்காது, பழைய எண்களையே போட்டு அடித்துக் கொண்டு வா என்றார். அந்த நட்சத்திரமும் வேண்டாம். நான் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்பாவுக்கு இப்போ தேவலையோன்னோ?"

பக்கவாதத்தில் விழுந்து கிடந்தார் என் அப்பா. தம்பிகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். வேறு ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. போய் உட்கார்ந்து அடித்தேன். அடித்து முடித்துப் பழக்க தோஷத்தில் மூலையில் உன் இனிஷியலைப் போட்டேன். பழக்க தோஷம் என்றா எழுதினேன்? இந்த வயதில் உன்னிடம் என்ன பொய். போடும்போது தெரிந்துதான் போட்டேன். என் பெயரை மட்டும் தனியாகப் போடப் பயமாக இருந்தது.

பட்டியல் அச்சாகிக் கண்டவர் கையிலும் போயிற்று. நீ பார்த்துவிட்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாய். அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார். என்னை நீ ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தலைமை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. நாங்களே விற்காத வண்டிகளை எங்கள் பெயரில் விற்றவர் யார் என்று கேட்டிருந்தார்கள். அதை டைப் அடித்து நகல் எடுத்தவள் நான்தான். என்கொயரி வைத்தார்கள். ஃபைலைத் திறந்தால் பொய்ப் பட்டியல் இருக்கிறது, மூலையில் உன் இனிஷியல் இருக்கிறது. நீ கொடுத்த சரியான பட்டியலும் இல்லை, ஃபைல் காப்பியும் இல்லை. இருந்த ஒரே காப்பி என்னிடம்.

அதை டிராயரிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். உன்னிடம் கொடுக்கத்தான் எடுத்தேன் என்று ரொம்ப வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் ரயிலில் ஏறினேன். வழக்கம்போல் குடை, வழக்கம்போல் இடம். பர்ஸ் எடுக்கக் கைப்பையைத் திறந்து மூடினேன். நீ மெதுவாகக் கேட்டாய்.

"அந்தக் காப்பி ஒன்ட்ட இருக்குல்லா?"

"இல்லடி. அப்பவே கிழிச்சுப் போட்டுட்டேன்."

சரி என்றாய். அவ்வளவுதான். பரேலில் கூட்டம் நெருக்கியதும் எழுந்து, நீ இருந்த ஜன்னல் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே கடைசி ஸ்டேஷன் வி.டி. வரைக்கும் வந்தாய்.

மூன்றாம் நாள் உன்னை அனுப்பிவிட்டார்கள். மதராசிகள் நம் வேலையைப் பிடுங்குகிறார்கள் என்று ஊரெல்லாம் சுவரில் எழுதிக்கொண்டிருந்த சமயம். ஒரு மதராசிக்காக நான் பரிந்து பேசினால் இருக்கிற மற்ற மதராசிகளுக்கும் ஆபத்து என்றார் மேனேஜர். இதையும் தமிழில்தான் சொன்னார். அவரும் மதராசிதான், அவர் நாற்காலிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. என் நாற்காலிக்கும்தான். அடுத்த வருஷம் என்னை அவருடைய ஸ்டெனோவாக ஆக்கினார்கள். தூ.

அதன்பிறகு மாதுங்காவில் ஏறும்போது உன் இடத்தில் யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டே போனேன். உனக்கு மான்குர்த்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். என் கல்யாணத்துக்கு வந்தாய், ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்தாய். உன் கல்யாணத்துக்கு சர்ச்சுக்கு நான் வந்தேன். மார்க்கெட்டில் பார்த்தால் விலைவாசி பேசினாய், பிள்ளைகளைப் பேசினாய். ஒரு தடவையாவது என்னைத் திட்டினாயா? உன் ஊர்க்காரர்கள் திட்டுவதில் சமர்த்தர்கள் ஆயிற்றே. எனக்கு மட்டும் அந்தத் திட்டைக் கூடக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாய். நான் சொன்ன பொய்யை நீ நம்பிவிட்டாய் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததில்தான் இத்தனை வருஷம் தூங்கினேன்.

போன வாரம் முட்டி வலியோடு செம்பூரில் ரயில் ஏறி வாஷிக்கு உன் மகள் வீட்டுக்குப் போனேன். உன் போட்டோவுக்கு முன்னால் உட்கார வைத்தாள். கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். மடிப்பில் கிழிந்து, கார்பன் எழுத்து நீலம் பூத்துப்போயிருக்கிறது. உங்கள் அம்மா செய்த கணக்கு, இதுதான் சரியான கணக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

"இதுவா ஆன்ட்டி அது? மம்மி சொல்லுவாங்க. அன்னைக்கு டிரெயின்ல உங்க பேக்ல டிபன் டப்பாவுக்கு அடியில இருந்துச்சாமே. மூலை வெளிய தெரிஞ்சதாம். அவளாத் தரட்டும்னு விட்டுட்டேன்னு சொல்லுவாங்க."

நல்ல பெண். டீ போட உள்ளே போனாள். நான் உன் போட்டோவைப் பார்த்தேன், நீ ஜன்னலைப் பார்க்கிற மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாய்.

பார்த்துவிட்டுத்தான் கேட்டாயா? பார்த்துவிட்டுத்தான் சரி என்றாயா, ஜன்னல் இடத்தைக் கொடுத்தாயா, டப்பா வாங்கிக்கொண்டு என் கல்யாணத்துக்கு வந்தாயா? இதை நான் மன்னிக்க மாட்டேன். பையைப் பிடுங்கி எடுத்திருந்தால் இருவருமே பிழைத்திருப்போம். அவளாத் தரட்டுமாம். நான் தருகிற ஜாதியா?

தாளை உன் மகளிடம் விட்டுவிட்டு வரவில்லை. அவளுக்கு அது வெறும் டிராக்டர் கணக்கு. நம் கம்பெனி மூன்றாம் இடம், பக்கத்தில் நட்சத்திரம், அடியில் உன் வரி, மூலையில் நீ, சாய்கோடு, நான். என் கைப்பையில்தான் இருக்கிறது, டப்பாவுக்கு அடியில். ஒரே ஒரு தடவை, இன்னொரு தடவை கேளுடி.