வடக்கே போன கிளை

டப்பாவின் மூடி திறக்க மறுத்தது. ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் கொடுத்து நெம்பினேன். உள்ளே பாலாடை போலத் தோல் கட்டியிருந்தது. அதைக் கிழித்ததும் டர்பன்டைன் நெடி சமையலறை வரை போனது. சிவப்பு ப்ரைமர், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் முதல் பூச்சு. உன் சட்டையின் வாசனை. கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஆயுள் முழுக்கப் பூசியதை எந்தச் சோப்பும் உன்னிடமிருந்து பிரித்ததில்லை. உன் மனைவி பக்கத்து வீட்டைக் காலி செய்து கொடுங்கையூரில் மகளோடு இருக்கப் போன அன்று, சுவருக்கு மேலாக நீட்டிக் கொடுத்தது இந்த டப்பாவைத்தான். "மரத்துக்குன்னு வெச்சிருந்தாருண்ணா" என்றார். இந்த ஊரில் வேறு எந்த மாமரத்துக்கும் யாரும் சொத்து விட்டுப் போனதாகத் தெரியவில்லை.

இன்று மரத்தைக் கவாத்து செய்ய வேண்டியிருந்தது. எந்தக் கிளையை என்று உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் சுற்றிவந்து சொல்கிறேன். நீயும் எந்த விஷயத்துக்கும் அப்படித்தான் வருவாய்.

கன்றை வாங்கிவந்தது நீ. நட்டது என் வீட்டுப் பின்பக்கத்தில். காலடிப்பேட்டையில் மண் தெரிகிற இடம் வைத்திருப்பவன் ஜமீன்தார். உன் வீட்டில் வாசல்படியிலிருந்து கழிப்பறை வரை சிமென்ட். என்னிடம் துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற அளவு மண் இருந்தது. தனி ஆளுக்கு இவ்வளவு மண் எதற்கு என்று கேட்டாய். பதிலுக்குக் காத்திராமல் குழி தோண்டினாய்.

கன்று இடுப்பு உயரம் வந்ததும் நுனியை வெட்டிவிடச் சொல்லியிருந்தார் நர்சரிக்காரர். வெட்டினால் பக்கக் கிளைகள் வரும், மரம் குட்டையாகப் பரந்து நிற்கும், நின்றபடியே காய் பறிக்கலாம். நான் இதை ஒரு புத்தகத்திலும் படித்து உறுதிசெய்துகொண்டேன். உனக்கு மனசு வரவில்லை.

"கொயந்த இப்பத்தான் தல தூக்குது. அதுக்குள்ள வெட்டணுமா? இன்னா மாமு, ஆபீஸா நடத்துற?"

அலுவலகத்திலேயே தலை நரைத்தவனிடம் கேட்கிற கேள்வி. சில நாள் கழித்து நீயே ஹாக்சா பிளேடோடு வந்தாய். முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு அறுத்தாய். நுனி விழுந்ததும் அவசரமாக உன் வீட்டுக்கு ஓடி, பிரஷ்ஷும் இந்த ப்ரைமரும் எடுத்துவந்து வெட்டுவாயில் பூசினாய்.

"வெட்டின எடத்த அப்டியே வுடக்கூடாது மாமு. உப்புக் காத்து. துரு புடிச்சுரும்."

மரத்துக்கா என்று கேட்டேன்.

"இரும்பே தாங்கல. மரம் தாங்குமா?"

நம் தெருவில் ஜன்னல் கம்பி, கேட், சைக்கிள், கொடிக்கம்பம் எல்லாமே ப்ரைமர் நிறத்தில்தான் இருந்தன. ஒரு தேர்தலிலும் தோற்காமல் இங்கே தொடர்ந்து வேலை செய்துவருவது உப்புக் காற்று ஒன்றுதான். அதை எதிர்த்து நிற்க உனக்குத் தெரிந்த ஒரே வழியை நீ கன்றுக்கும் செய்தாய். விஷயம் கேள்விப்பட்ட நர்சரிக்காரர், பட்டை கெட்டு மரம் பட்டுப்போகும் என்றார். மரம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. சிவப்புத் தொப்பிக்குக் கீழே மூன்று கிளைகள் விட்டது. ஒன்று என் சமையலறையைப் பார்த்து, ஒன்று தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, ஒன்று வடக்கே, உன் வீட்டுச் சுவரைப் பார்த்து.

அதன் பிறகு வெட்டும் பொறுப்பு உன்னுடையது. ஒவ்வொரு ஆடியிலும் என் பக்கத்துக் கிளைகளைக் கண்டிப்போடு குறைத்தாய். வடக்குக் கிளையின் மேல் பிளேடு பட்டதே இல்லை. கேட்டால், "அது வெயில பாத்து போவுது மாமு, நான் இன்னா பண்றது?" என்பாய். திருவொற்றியூரில் வெயில் வடக்கிலிருந்து அடிப்பதாகக் கண்டுபிடித்தவன் நீ. எனக்குப் புரியாமல் இல்லை. மரம் என் மண்ணில் நின்றாலும் ஒரு கை உன் வீட்டுக்குள் வரவேண்டும். வந்தது. காலையில் டீ டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு பேசுவாய். பேச்சில் பெரும்பகுதி யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுதான். மரம் முழுக்கத் தொழிற்சாலைக் கரித்தூள் படிந்திருக்கும். உன் கை படுகிற அந்த இடம் மட்டும் பளபளவென்று இருக்கும்.

கார்த்திகையில் நீ போனாய். கானா பாட வந்தவர் உன்னிடம் இருந்த குணங்களையும் இல்லாத குணங்களையும் சேர்த்துப் பாடினார். கோபமே வராதவர் என்ற வரி வந்தபோது, சிரிப்பதற்காகத் திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ மாலைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய்.

உன் வீட்டில் இப்போது ஒரு இளம் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கைக்குழந்தை. போன வாரம் அந்தப் பெண் சுவரோரம் வந்து நின்றாள்.

"சார், கோச்சிக்காதீங்க. அந்தக் கெளையில செவ்வெறும்பு கூடு கட்டிகீது. வரிசையா எறங்கி தொட்டில்ல ஏறுது சார்."

அவள் சண்டை போட்டிருந்தால் நான் கிளையைக் காப்பாற்றியிருப்பேன். மரியாதையாகக் கேட்டுவிட்டாள். வேறு ஏதாவது செய்து பார்க்கிறேன் என்று சொல்லி எறும்பு மருந்து தூவினேன். எறும்புகள் அதைத் தாண்டி நடந்தன. நேற்று குழந்தை வீறிட்டு அழுதது என் சமையலறை வரை கேட்டது. நீ இருந்தால் அப்போதே பிளேடை எடுத்திருப்பாய்.

சுற்றி முடித்துவிட்டேன். வெட்டியது உன் கிளையைத்தான். அடியோடு ஒட்டி, மழைநீர் தேங்காதபடி சாய்வாக அறுத்தேன். விழுந்த பிறகு, நீ பிடித்து நிற்கும் இடத்தைத் தேடினேன். மற்ற இடங்களைப் போலவே கரி படிந்திருந்தது. விரலால் துடைத்துப் பார்த்தேன்; இருந்தும் எந்த இடம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சுவருக்கு மேலே இப்போது வெறும் வெளிச்சம். வெயில் கிழக்கிலிருந்துதான் வருகிறது. உன் தகவலுக்கு.

ப்ரைமர் பூசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், செவப்பா கீது?"

"ப்ரைமர்மா. உப்புக் காத்துல துரு புடிச்சுரும்."

"மரத்துக்கா சார்?"

"இரும்பே தாங்கல. மரம் தாங்குமா?"

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சரிதான் என்பதுபோல் தலையாட்டினாள். மிச்சம் இருந்தால் வாசல் கேட்டுக்கும் கொஞ்சம் வேண்டும் என்றாள். உன் கேட்தான், நீ போனதிலிருந்து யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரு கொட்டாங்குச்சியில் ஊற்றி, சுவருக்கு மேலாக நீட்டினேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மீதியை மூடி, நீ செய்வதுபோல் குதிகாலால் மூடியைச் சுற்றிச் சுற்றி அழுத்தினேன். அடுத்த ஆடி வரை காயக்கூடாது.