கௌரி லைன்

வேல் துணை

திருத்தணி,
11.5.2003

அன்புள்ள சௌமியா அப்பாவுக்கு,

மலையான் புண்ணியத்தில் நானும் சௌமியாவும் சௌக்கியம். உங்கள் மூட்டு வலி எப்படி என்று இந்தத் தடவையும் நீங்கள் எழுதவில்லை.

பட்டாளக் கோர்ட்டு வழக்குகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறார்கள், அது எப்படி இருக்கணும் என்று ஹெட் கிளார்க்கான உங்களைக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். "நீதான் நோட்டு ராணியாச்சே, ஒரு யோசனை சொல்லு" என்று கிண்டல் வேறு. ஆறாவது வரை படித்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது. தலைக்கு இரண்டு குடம். முறை நோட்டு என்னிடம். போன மாதம் ஒரு வீட்டுக்கு ஆறு என்று தப்பாக எழுதிவிட்டு, பிளேடால் சுரண்டி நாலாக்கினேன். எதிர்வீட்டுத் தாயாரம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா கௌரி, நீ பாட்டுக்குச் சுரண்டிக்கினு இருந்தா அங்க முன்ன இன்னா இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? மேல இருக்கிற முருகனுக்கா?" நியாயம்தானே. அன்றிலிருந்து தப்பு வந்தால் ஒரே கோடுதான். பழசு கீழே தெரியணும். பக்கத்தில் புதுசு, தேதி, மாற்றினவர் பேர். உங்கள் மெஷினும் அப்படியே இருக்கட்டும்.

தீபாவளிக்குள் சென்னைக்கு மாற்றல் என்றீர்களே. ஐப்பசிப் பக்கத்தில் நம் வீட்டுக்கு மூன்று தலை, ஆறு குடம் என்று இப்போதே எழுதிவிட்டேன். பேனாவில்.

கௌரி

மே/பா 56 ஏ.பி.ஓ.
2.9.2003

அன்புள்ள கௌரிக்கு,

உன் கோடு மெஷினில் ஏறிவிட்டது. இன்ஜினியர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே அதற்கு 'கௌரி லைன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். எந்த வழக்கில் எதை மாற்றினாலும் பழையதன்மேல் கோடு விழும். மாற்றினவர் பேரும் நேரமும் பக்கத்தில் நிற்கும்.

ஆனால் ஒரு சங்கடம். டீசல் திருடினான் என்று ஒரு ஜவான்மேல் வழக்கு. குற்றப்பத்திரிகையை விசாரணைக்கு நாலு நாள் முன்னால் அவன் கையில் கொடுக்கணும், பதில் யோசிக்க. இவனுக்கு முதல்நாள் சாயங்காலம்தான் கொடுத்தார்கள். அந்தத் தேதியை ஏற்றினவன் நான். தீர்ப்பும் ஆகிவிட்டது: வேலை போயிற்று, ஆறு மாதம் ஜெயில். இப்போது என் மேலதிகாரி, நாலு நாள் முன்னாலேயே கொடுத்த மாதிரி தேதியை மாற்றிப் போடு என்கிறார். சோதனை ஓட்டம் முடியும்வரை, கோடு விழாமல் மாற்றுகிற பாஸ்வேர்டு என் ஒருவனிடம்தான் இருக்கிறது. என் சென்னை ஆர்டர் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது. பன்னிரண்டாம் தேதிதான் கெடு.

நீ என்ன சொல்கிறாய்?

ராஜவேலு

வேல் துணை

திருத்தணி,
9.9.2003

அன்புள்ள சௌமியா அப்பாவுக்கு,

கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. போனில் சொல்லலாம் என்று வரதராஜன் பூத்துக்குப் போனேன். நாலு பேர் காதை நீட்டிக்கொண்டு நின்றார்கள், திரும்பிவிட்டேன்.

எனக்கு நீங்கள் வேணும். இருபத்தோரு வருஷத்தில் சேர்ந்திருந்தது எத்தனை நாள் என்று நோட்டில் இருக்கிறது, எழுதினால் உங்களுக்கே தாங்காது. ஆனாலும் அந்தத் தேதியைத் தொடாதீர்கள். அந்த ஜவானின் பெண்சாதியும் ஏதோ ஒரு ஊரில் அவன் வரும் நாளை எழுதி வைத்திருப்பாள். திருடினானோ இல்லையோ, அவன் வாயைத் திறக்க நாலு நாள் கொடுக்கணுமா வேண்டாமா?

சுரண்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் நான் எந்தக் கையால் இலை போடுவேன்?

கௌரி

மே/பா 56 ஏ.பி.ஓ.
27.9.2003

அன்புள்ள கௌரிக்கு,

உன் கடிதம் பதினைந்தாம் தேதி வந்தது. நான் பன்னிரண்டாம் தேதியே மாற்றிவிட்டேன். கோடு விழாமல். அன்று மாலையே சென்னை ஆர்டரும் கைக்கு வந்தது.

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். நாலாம் நாள் மெஷினைத் திறந்து, இந்தத் தடவை கோடு விழும்படியே, பழைய தேதியைத் திரும்பப் போட்டேன். காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. 'பன்னிரண்டாம் தேதி இங்கே பொய்த் தேதி போட்டவன் நான்தான்' என்று எழுதி, அச்செடுத்து மேலிடத்துக்கும் அனுப்பினேன். பாஸ்வேர்டை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

ஜவானுக்கு விசாரணை மறுபடி நடக்கும். அதிகாரியையும் கூப்பிட்டிருக்கிறார்கள். என்மேலும் வழக்கு உண்டு, அதே மெஷினில், பதினேழாம் நம்பர். சென்னை ஆர்டர் ரத்து. வழக்கு முடியும்வரை லீவும் இல்லை.

வெட்கமாக இருக்கிறது, கௌரி. உன் பேர் வைத்த கோட்டுக்குக் கீழே கிடக்கிற முதல் பொய் என்னுடையது.

ராஜவேலு

வேல் துணை

திருத்தணி,
18.10.2003

அன்புள்ள சௌமியா அப்பாவுக்கு,

இன்று ஐப்பசி ஒன்று. லாரி வந்தது. நம் வீட்டு ஆறின்மேல் கோடு போட்டு நாலு என்று எழுதினேன். தாயாரம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, அவரு வர்லியா?"

"ஆங், வர்ல."

"ஏன்?"

"தப்பு ஒண்ணு பண்ணிட்டாரு. அவரே கோடும் போட்டுட்டாரு."

ஊர் வாய்க்குப் பதில் சொல்லும் அந்தப் பொம்பளை, என் குடத்தில் ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுவரைக்கும் வந்தாள்.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். கோபம் உண்டு, 18.10.2003 தேதியிட்டு நோட்டில் எழுதியாயிற்று. அதன்மேல் கோடு போடுகிற அன்றைக்குத் தெரிவிக்கிறேன். ரொம்ப நாள் ஆகாது என்றுதான் தோன்றுகிறது.

விசாரணையில் கேட்டதற்கும் சொல்லுங்கள், கேட்காததற்கும் சொல்லுங்கள். தண்டனை எதுவானாலும் ஆகட்டும், சௌமியாவையும் வீட்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது. அந்த ஆறும் கோட்டுக்குக் கீழே நன்றாகவே தெரிகிறது.

தைலம் பார்சலில் வருகிறது. மூட்டு வலி எப்படி என்று இந்தத் தடவையாவது எழுதுங்கள்.

உங்கள்
கௌரி