வண்டிவீட்டில் ஒரு கோடை

கொலராடோ,
ஜூன் 9

அன்புள்ள நோரீன்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மலையேறும்போது, கட்டிலும் அடுப்பும் சுமக்கும் நம் வண்டிவீட்டுக்கு மூச்சு வாங்கியது, எனக்கும்தான். பிள்ளைகளின் கோடை முகாமில், சமையல்கூடத்துக்குப் பின்னால், பைன் மரங்களுக்கு நடுவே வண்டிவீட்டை நிறுத்த இடம் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் காசில்லை. சம்பளமும் கிடையாது. குழாய், கூரை, படகு என்று உடைந்ததையெல்லாம் சரிசெய்வதுதான் என் வேலை. நாளை பிள்ளைகள் வருகிறார்கள்.

நம் வெஸ்லி இங்கே பிள்ளைகளை மேய்த்த கோடைகளை யாரும் மறக்கவில்லை. சமையல்காரி டார்லா என்னைக் கண்டதும், "நீங்க வெஸ்லியோட அப்பாவா? அந்தப் பய சுடச்சுட அத்தனை கேக்கையும் காலி பண்ணிருவானே!" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

இருவர் படுக்கும் கட்டிலில் ஒருவனாகக் கிடக்கிறேன். நீயும் வா.

உன்
ஹார்லன்

நெப்ராஸ்கா,
ஜூன் 20

அன்புள்ள ஹார்லன்,

கடிதம் கிடைத்தது. இங்கே மழையே இல்லை. உன் தக்காளிச் செடிகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். சர்ச்சில், "எங்க உங்க வீட்டுக்காரர்?" என்று விசாரிக்கிறார்கள். "மலையில பிள்ளைங்க கூட இருக்கார்" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வெளியே வந்துவிடுகிறேன்.

போன வருஷம் பனியில் கார் சறுக்கி அவன் போன பிறகு, நீ அவன் அறைக்குள் காலே வைக்கவில்லை. நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். அவன் தலையணை உறையை இன்னும் துவைக்கவில்லை. நீ மலைக்குக் கிளம்பிய அன்றும் வா என்று என்னைக் கூப்பிட்டாய்தான். எஞ்சினைக் கிளப்பிய பிறகு கூப்பிட்டாய்.

இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே.

நோரீன்

கொலராடோ,
ஜூலை 6

அன்புள்ள நோரீன்,

நீ எழுதியது நிஜம். அந்த அறை வாசலில் என் கால் நகர்வதில்லை. இங்கே நகர்கிறது, வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நேற்று படகுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாயாடிப் பெண், "மிஸ்டர் ஹார்லன், ஓட்டை அந்தப் பக்கம் இருக்கு! கண்ணாடிய எங்க வெச்சீங்க?" என்று கத்தினாள். என் தலையில்தான் இருந்தது.

முகாம் முடியும் சனிக்கிழமை பெற்றோர் எல்லோரும் வருவார்கள். வெளியே மேசை போட்டுச் சாப்பாடு. அன்று ஒருநாள் மட்டும் வா. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று நீ சொன்னால், மறுபேச்சில்லாமல் உன்னோடு வந்துவிடுகிறேன்.

உன்
ஹார்லன்

நெப்ராஸ்கா,
ஆகஸ்ட் 14

அன்புள்ள ஹார்லன்,

சனிக்கிழமை முழுக்க வழியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். நான் வந்தேன்.

முகாம் வாசலருகே மரத்தடியில் காரை நிறுத்தினேன். நீ பெரிய பாத்திரத்திலிருந்து பீன்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தாய். வெஸ்லியின் உயரத்தில் ஒரு பையன் தன் தொப்பியைக் கழற்றி உன் தலையில் கவிழ்த்தான். நீ கரண்டியைப் போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, "யாரைப் பார்க்கணும்? கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா, வழி தவறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உன்மேல் கோபமில்லை. நான் சொன்னால் நீ வந்துவிடுவாய், அதுவும் தெரியும். வந்தால் ஒரே வாரத்தில் இந்த வீடு உன்னை மறுபடியும் ஊமையாக்கிவிடும். நானோ அங்கே ஒவ்வொரு பையன் முகத்திலும் அவனைத் தேடுவேன், அவர்கள் பாவம். குளிர்காலத்துக்கும் அங்கே வேலை இருந்தால் ஒப்புக்கொள். உன் கம்பளிச் சட்டைகளைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இதற்குப் பதில் போடாதே. உன் கையெழுத்தைப் பார்த்தால், வந்துவிடு என்று எழுதிவிடுவேன்.

நோரீன்