எம்ரேயின் கத்திக்கு வயது

அக்டோபர் 1, புதன்.

கீழ் அப்பார்ட்மென்ட் எம்ரே துருக்கியிலிருந்து கொண்டுவந்த ஒட்டோமான் காலத்துக் கத்தி மூன்று வாரமாக என்னிடம் இருக்கிறது. வயதைக் கண்டுபிடித்துத் தருவதாக நானே கேட்டு வாங்கினேன். அருங்காட்சியகப் படங்களோடு பிடியையும் வளைவையும் ஒப்பிட்டேன். உறையின் பித்தளைப் பூண் கன்னங்கரேலென்று இருந்தது. அந்தக் கறுப்பை நம்பி, இருநூறு வருடத்துக்குக் குறையாது என்று போன வாரம் தீர்ப்புச் சொன்னேன். எம்ரே உடனே இஸ்மிர் நகரில் இருக்கும் அப்பாவுக்குச் சொல்லிவிட்டான்.

இன்று ஆயுத பூஜை. வேலை முடிந்து, பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், லேப்டாப்புக்கும் கார் சாவிக்கும் நடுவே கத்தி சந்தனம் குங்குமத்தோடு இருக்கிறது. பூண் பளபளக்கிறது.

"புளி போட்டுத் தேய்ச்சியா?"

"பின்ன, சாமிகிட்ட அழுக்கோடயா வைப்பாங்க? பத்து நிமிஷம்கூட ஆகலைங்க. கறுப்புக்கு அடியில ஏதோ நம்பர் இருக்கு, பாருங்க," என்றாள் என் மனைவி சுதா.

பார்த்தேன். அரபு எண்களில், இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டு. ஆங்கில ஆண்டுக்கு மாற்றிக் கணக்குப் போட்டால் நூற்றுப்பத்து வருடம்தான் வருகிறது.

கத்தியோடு கீழே போய், தேய்த்ததையும் வயதையும் சேர்த்தே சொன்னேன். எம்ரே கோபப்படவில்லை. இருநூறு வருடம் முன்பு சுல்தானின் படையில் இருந்த முன்னோரின் கத்தி என்று அவன் அப்பா தெரு முழுக்கச் சொல்லி, விருந்தும் வைத்துவிட்டாராம். அவருக்கு எண்பது வயது. கத்தியைப் பார்க்க அடுத்த மாதம் இங்கே வருகிறார்.

எம்ரே பூணில் இருந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, பித்தளை மறுபடி கறுக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டான்.

சுதாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.