கையெல்லாம் பெட்ரோல்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவள் எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அழுதுவிடுவேன். நீயும் "சரிம்மா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுவாய். அப்பா போனதிலிருந்து நீ அப்படித்தான் வைக்கிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது எங்கேயும் போய்விடாது, மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

இங்கே மழை நின்றுவிட்டது. தோட்டம் காய ஆரம்பித்துவிட்டது. அவரைக்கொடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது. இத்தனை மாதம் மழையே தண்ணீர் ஊற்றியதால் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் இஞ்சின் பம்பின் நினைப்பு எனக்கு வரவில்லை. வரவிடவில்லை என்பதுதான் நிஜம். அப்பா போன அன்று சாத்திய பம்பு கொட்டகைக் கதவை யாரும் திறக்கவில்லை. அப்பாவுக்காக நீ வந்திருந்த நாட்களில் நீயும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வாளியில் தூக்கி ஊற்றிப் பார்த்தேன், முழங்கால் மானத்தை வாங்கிவிட்டது. சரி, இனி வேறு வழியில்லை என்று போன வாரம் கதவைத் திறந்தேன்.

இஞ்சின் கிளம்பவில்லை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும் போல ஆனது. ஒரு செருமல்கூட இல்லை. கடைசியில் 'நாளைக்கு' மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். எப்போது கூப்பிட்டாலும் "நாளைக்கு வரேன்" என்பாரே, அப்பா பெயர் வைத்த அதே ஆள்தான். இப்போதும் "நாளைக்கு வரேங்க்கா" என்றார். அதுவரை கொடி தாங்காது என்றேன். "சரி, சுவிட்ச் ஆன்ல இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். எங்கள் வீட்டில் அந்தச் சுவிட்சை யாரும் தொடுவதே இல்லை என்று அவரிடம் எரிந்து விழுந்தேன்.

போனைக் காதில் வைத்தபடியே குனிந்து பார்த்தேன். சுவிட்ச் அணைந்திருந்தது.

அப்பா இஞ்சினை நிறுத்தும் விதம் உனக்குத் தெரியும். சுவிட்ச் பக்கமே போக மாட்டார். பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, உள்ளே மிச்சம் இருப்பதை அது குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அது கொஞ்சம் வேகமெடுத்து, இருமி, திணறி, தானாக அடங்கும். "உள்ள சொட்டு நின்னாலும் பிசினாப் போயி அடைச்சுக்கும்" என்பார். சாப்பிட வாங்க என்று நான் கத்தினாலும் ஒரு கையைத் தூக்கிக் காட்டுவாரே தவிர நகர மாட்டார். சின்ன வயதில் நீ ஒரு தடவை சுவிட்சை அமுக்கி நிறுத்தியதற்கு, விருந்தாளியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற மாதிரி என்று உன்னைத் திட்டித் தீர்த்தார். நீயும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம்.

சுவிட்சைப் போட்டேன். அப்படியும் கிளம்பவில்லை. இத்தனை வருடம் அந்த மனுஷனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான், சும்மா விடுவேனா? பிளக்கைக் கழற்றினேன். பெட்ரோல் ஈரமே இல்லாமல் காய்ந்திருந்தது. ரப்பர் மூடியைப் பிடித்துக்கொண்டு பிளக்கை இஞ்சின் உடம்பில் ஒட்டவைத்துக் கயிற்றை இழுத்தேன், நீலப்பொறி பளிச்சென்று வந்தது. பொறி இருக்கிறது, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. பிளக் துளையில் புதுப் பெட்ரோல் கொஞ்சம் விட்டு, மாட்டி, இழுத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டது! படபடவென்று கொஞ்சம் ஓடிவிட்டு நின்றது. அன்றைக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லையடா. கயிற்றைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு எழுந்து கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தைக் கழற்றினேன். அடியில் பழுப்பாகப் பிசின். ஊசித் துளை அடைத்துப்போயிருந்தது. மேலே பார்த்தால் பெட்ரோல் குழாய் திறந்தே கிடந்தது. அவர் ஊற்றிய பெட்ரோல் டேங்கில் கெட்டுப்போய் வார்னிஷ் நாற்றம் அடித்தது. அதைக் கொட்ட மனசு வரவில்லை, ஒரு டின்னில் பிடித்து மூடி வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதே.

சுவிட்சை அணைத்துவிட்டு, குழாயை மூடாமல், பாதி வேலையில் அவர் எங்கே போனார்? இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

நீ பெட்டியைக் கட்டி வாசலில் வைத்த பிறகுதான் ஊரைவிட்டுப் போவதை அவரிடம் சொன்னாய். அது தப்பா சரியா என்று நான் இப்போது பேச வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று அவர் நொந்துபோனார். அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நீ கூப்பிடும் நேரம் பார்த்து இஞ்சினைக் கிளப்புவார். நான் சமையலறை வாசலில் நின்று போனைத் தூக்கிக் காட்டி, பேசுகிறீர்களா என்று சைகையில் கேட்பேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். "கையெல்லாம் பெட்ரோல்." ஒவ்வொரு வாரமும் அதே பதில்தான். நீயும் அந்தப் பக்கத்திலிருந்து "அப்பா இன்னிக்கும் இஞ்சினையே பேச விட்டுட்டாரா?" என்பாய். சிரிப்பது போலச் சொல்வாய். பெற்றவளுக்குத் தெரியாதா, அது எந்தச் சிரிப்பு என்று?

அந்தக் கடைசி ஞாயிறு நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றதே, நினைவிருக்கிறதா? "என்னம்மா, அப்பா பேசி முடிச்சிட்டாரா?" என்று கேட்டாய். நானும் சிரித்தேன். பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்றேன். அது இருமவில்லை, திணறவில்லை, டக்கென்று நின்றது. காதில் விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. நீ வேலை இருக்கிறது என்று வைத்தாய். நான் வெளியே வந்தேன். மற்றது உனக்குத் தெரியும்.

நெஞ்சு வலித்ததால் சுவிட்சை அணைத்திருப்பார், படுக்கலாம் என்று வீட்டுக்கு வந்திருப்பார் என்பாய். டாக்டரும் அதைத்தான் சொன்னார், நானும் இவ்வளவு நாள் அப்படித்தான் நம்பினேன். ஆனால் நான் போய் அவர் கையைப் பிடித்தபோது அது ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். இப்போது கொட்டகையில் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கும்போதுதான் அந்த வாசனை திரும்ப வந்தது. சோப்பு வாசனை. பெட்ரோல் வாடை கொஞ்சம்கூட இல்லை. கை கழுவும் தண்ணீர்க் குழாயைத் தாண்டி, என் சமையலறைப் படியை எட்டுவதற்கு முன்னால்தானே அவர் விழுந்து கிடந்தார்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் நின்று நிதானமாகச் சோப்புப் போட்டுக் கை கழுவுவானா? அன்று அவரைக்கொடிப் பாத்தி பாதி நனைந்து பாதி காய்ந்து கிடந்தது. வேலை முடியாமல் கை கழுவுகிற மனுஷனா அவர்?

உன்னிடம் பேசத்தான் வந்தாரடா. வேறு எதற்கும் அவர் அந்தக் கையைக் கழுவியிருக்க மாட்டார்.

நீ வந்திருந்தபோது வாசற்படியில் நின்று, "கடைசி வரைக்கும் என்கிட்ட பேசாமலே போயிட்டார்ல" என்று சொன்னாய். அழவில்லை. எல்லாரும் உன்னைத் தைரியசாலி என்றார்கள். எனக்கு அன்றிலிருந்து நீ சொன்னதுதான் காதில் கேட்கிறது. அந்தச் சொல்லை நீ அங்கேயும் சுமந்துகொண்டு திரிகிறாய் என்று தெரியும். அதை இறக்கி வைப்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இதைப் படித்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருந்தால் என்று உன்னை நீயே தின்னாதே. யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை. அழ வேண்டும் போல இருந்தால் அழு. மருமகள் எதிரிலேயே அழு, அவள் ஒன்றும் நினைக்க மாட்டாள்.

கம்பி பிரஷிலிருந்து ஒரு கம்பியைப் பிய்த்து ஊசித் துளையைக் குத்தி, ஊதி, எல்லாவற்றையும் மாட்டினேன். இஞ்சின் ஓடுகிறது. அவரைக்கொடி பிழைத்துக்கொண்டது. எல்லாம் முடிந்த பிறகு 'நாளைக்கு' வந்து, காபி குடித்துவிட்டு, நன்றாகத்தானே ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் இப்போது குழாயை மூடிவிட்டு, அது தானாக அடங்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன். அந்த இருமல் சத்தம் நிற்கும்போதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வர முடிந்தபோது வா, அவசரம் இல்லை. ஞாயிறு எப்போதும் போலக் கூப்பிடு. அந்த நேரத்தில் நான் இஞ்சினை ஓட்டுவதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பேசி முடித்ததும் உடனே போனை வைத்துவிடாதே, கண்ணா. யாராவது கை கழுவிக்கொண்டு வந்துகொண்டிருப்பார்கள்.

உங்கள் இருவரையும் நினைத்தபடி,
அம்மா