வீட்டுக்குள் வந்த குரல்

அரூர்,
ஜூலை 4

அன்புள்ள உங்களுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதீர்கள். சிரித்தாலும் சரிதான், அந்தச் சத்தமாவது வீட்டில் கேட்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு கோடும் நீலமாகின்றன, பதில் மட்டும் வருவதில்லை. என் குரலைக் கேட்கவே பிடிக்கவில்லை என்றீர்கள். காகிதத்துக்குக் குரல் கிடையாது. அதனால் எழுதி உங்கள் ஹெல்மெட்டுக்குள் வைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு, கால்பந்து வாங்க நீங்கள் பேருந்து நிலையத்துப் பக்கம் திரும்பிப் போனீர்கள். வரும்போது வழிபாட்டுக் கூட்டம் தொடங்கிவிட்டது. தாமதமாக வரும் ஆசிரியர் யாராக இருந்தாலும் கூட்டம் முடியும்வரை வாயிலில் நிற்க வேண்டும் என்று நான் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நீங்களோ பந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நடந்து வந்தீர்கள். ஆசிரியர்கள் யாரும் உங்களைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். "நவநீதன் சார், வாயிலுக்குப் போய் நில்லுங்க" என்றேன். என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

அந்தக் குரலை எனக்குக் கொடுத்தது யார், சொல்லுங்கள். தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்த அன்று அழுதவள் நான். எதிரில் இருப்பவரைப் பார்த்தால் சேலைத் தலைப்பைத் திருகுகிறவள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன், எத்தனையோ ஆசிரியைகள் அப்படித்தானே செய்கிறார்கள் என்றேன். நீங்கள்தான் விடவில்லை. பீரோக் கண்ணாடி முன்னால் நிற்கவைத்தீர்கள். காலைக் கொஞ்சம் அகட்டி வை, கையைக் கட்டாதே, பேசும் முன் ஒரு மூச்சு நிறுத்து, கடைசிச் சொல்லைக் கீழே இறக்கு, முதலில் நீ சிரிக்காதே. "நீ நின்னா அந்த எடம் உன்னுதுன்னு தெரியணும் நிம்மி." கலந்தாய்வில் உங்கள் பள்ளியையே எடுக்கச் சொன்னதும் நீங்கள்தான். ஒரே வண்டியில் போய் வரலாம் என்றீர்கள்.

போய்தான் வருகிறோம், ஊமைகளாக. மூன்று நாளாக ஓட்டலில் சாப்பிடுகிறீர்கள். வயிறு கெட்டுவிடும். இன்று கத்தரிக்காய்க் குழம்பு. வாருங்கள்.

உங்கள்
நிம்மி


ஜூலை 6

நிர்மலாவுக்கு,

உன் கடிதத்தைப் பெட்ரோல் பங்க்கில் நின்று படித்தேன். பெட்ரோல் போடுகிறவன், "லவ் லெட்டருங்களா சார்?" என்றான். மானம் போக வேண்டாமே என்று ஆமாம் சொல்லிவிட்டேன்.

நீ எழுதியதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எரிகிறது. பந்து வாங்கப் போனது எனக்காகவா? ஏன் தாமதம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அதிகாரம் இறங்கிவிடும் என்று சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். ஊரை அடக்கத்தான் கற்றுக் கொடுத்தேன், என்னை அடக்க இல்லை.

அறுநூறு பிள்ளைகள் பார்க்க, வலையும் தோளுமாக வாயிலில் நின்றேன். கணக்கு வாத்தியார் சிவக்குமார் அன்று மதியமே கேட்டார்: "என்னா மாஸ்டர், வூட்டுலயும் லேட்டா போனா வாசல்லதான் நிக்கணுங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் அன்று சொன்னது தவறு என்று சொல். அதோடு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தக் குரலையும் கழற்றிப் போடு. முந்தாநாள் குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்டாயே, அது கேள்வி மாதிரியா இருந்தது? நோட்டீஸ் மாதிரி இருந்தது.

குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

நவநீதன்


ஜூலை 9

அன்புள்ள உங்களுக்கு,

சமையலறையில் மன்னிப்புக் கேட்கிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். ஆசிரியர் அறையில் மட்டும் கேட்காதீர்கள்.

அந்தச் சிவக்குமார் சாரே இப்போது மணியடிக்கும் முன் வந்துவிடுகிறார், கவனித்தீர்களா? சத்துணவு சமைக்கும் தீர்த்தம்மாள், "சொந்த வூட்டுக்காரரையே நிக்க வெச்ச அம்மா, நம்மள சும்மா விடுவாங்களா?" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. உங்களை நிறுத்தியதால்தான் மற்றவர்கள் என்னை மதிக்கிறார்கள். இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடப்பது இதுதான். தவறு என்று இப்போது சொன்னால் அடுத்த நாளே பள்ளி என் கையில் இருக்காது.

குரலைக் கழற்றத்தான் பார்க்கிறேன். உங்கள் பின்னால் உட்கார்ந்து வரும் வழியெல்லாம் அதே வேலைதான். பழையபடி "ஏங்க" என்று மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். வீட்டுக்குள் வந்து வாய்விட்டுச் சொன்னால் நாடகம் போடுகிற மாதிரி இருக்கிறது. ஒருவேளை அந்தப் பழைய குரல் பயத்தில் வந்ததோ? அப்படியானால் இத்தனை வருஷமும் நான் உங்களிடம் பேசியது பயந்துதானா? இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். கிடக்கட்டும்.

பள்ளிக்குள் நுழைந்தால் அவர்கள் கேட்கும் ஆளாக இருக்க வேண்டும், வீட்டுக்குள் நுழைந்தால் நீங்கள் கேட்கும் ஆளாக இருக்க வேண்டும். வண்டியின் பின் சீட்டில்தான் கொஞ்ச நேரம் நான் யாராகவும் இல்லாமல் வருகிறேன். அங்கேயாவது பேசக் கூடாதா?

உங்கள்
நிம்மி


ஜூலை 10

நிர்மலாவுக்கு,

எனக்குத் தொண்டை சரியில்லை. வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்த இனி நான் ஆணை சொல்லப் போவதில்லை. ஆள் வைத்துக்கொள், இல்லையென்றால் நீயே சொல்லிக்கொள்.

பயமா என்று என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்ல? அன்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெண்மதி கல்லூரி விடுதியிலிருந்து பேசினாள். அம்மாவும் நானும் நலம் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்.

நவநீதன்


பென்னாகரம்,
ஜூலை 14

நிம்மிக்கு,

அண்ணன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். காலையில் நடந்ததை முன்னால் நின்று நீ பார்த்தாய். எதிரில் நின்றவனுக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை நான் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சும்மா நின்றேன். வரிசை கலைந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள், கொடிப் பாட்டு பாதியில் சந்தைக் கூச்சலானது. உண்மையைச் சொன்னால் ரசித்தேன். இப்போது தெரிகிறதா, யார் குரலில் இந்தப் பள்ளி நிற்கிறதென்று நினைத்துக்கொண்டேன்.

இன்று நீ மேடையை விட்டு இறங்கி வந்தாய். கொடிக்கம்பத்தின் கீழே, நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் வந்து நின்றாய். ஒரு மூச்சு நிறுத்தினாய். அப்புறம், "ஸ்கூல்... அட்டேன்ஷன்!" என்றாய். இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டி. அது என் குரல் நிம்மி.

அத்தனை கால்களும் ஒரே சத்தமாகச் சேர்ந்தன. அதில் என் காலும் இருந்தது. நான் சேர்க்கவில்லை, தானாகச் சேர்ந்துகொண்டது. கை தொடையோடு போய் ஒட்டிக்கொண்டது. கையைப் பிரித்துவிட வேண்டும், கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று மனம் சொல்கிறது; உடம்பு கேட்கவில்லை. நீ அடுத்த ஆணை கொடுக்கும்வரை ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி நின்றேன். பக்கத்தில் சிவக்குமார் பார்த்துவிட்டார். இந்த முறை அவர் கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மாலையில் உன்னைப் பின்னால் உட்காரவைத்து வண்டி ஓட்ட என்னால் ஆகாது என்று தெரிந்தது. சொல்லாமல் வந்துவிட்டேன். பேருந்து கிடைத்ததா?

நவநீதன்


அரூர்,
ஜூலை 17

அன்புள்ள உங்களுக்கு,

சத்தியமாக உங்கள் காலை நான் பார்க்கவில்லை. கூட்டத்தில் எந்த முகத்தையும் பார்க்காதே, தலைக்கு மேலே பார் என்று நீங்கள் சொன்னபடி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருந்தால் அந்த நொடியே எல்லாரையும் இயல்பாக நிற்கச் சொல்லியிருப்பேன்.

பேருந்து கிடைத்தது. நின்றுகொண்டுதான் வந்தேன். கண்டக்டர் பையன் என்ன நினைத்தானோ, "அம்மா, இப்டி உக்காருங்க" என்று யாரையோ எழுப்பி இடம் கொடுத்தான். நான் எதுவும் கேட்கவில்லை. காய்கறிக்காரரிடம் தக்காளி விலை கேட்டால் அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்கிறார். சிரிப்பாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் அழுகை வருகிறது.

மருத்துவ விடுப்புக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள், தொண்டை வலி என்று. அனுமதித்துவிட்டேன். மிளகும் சுக்கும் தட்டிப் போட்டுக் குடியுங்கள்.

வேண்டுமானால் இந்தப் பதவியே வேண்டாம், பழையபடி தமிழாசிரியையாகவே இருந்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கிறேன். இதை எழுதிவிட்டு வெகு நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். எழுதிக் கொடுத்தாலும் உங்களுக்கு அந்தப் பழைய நிர்மலா கிடைக்க மாட்டாள். திரும்பிப் போக எனக்கு வழி தெரியவில்லைங்க. அவளைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள் என்றால் நான் என்ன செய்வேன்?

எனக்கு நீங்கள் வேண்டும். கத்துங்கள், திட்டுங்கள், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். வீட்டுக்கு மட்டும் வந்துவிடுங்கள்.

உங்கள்
நிம்மி


ஜூலை 24

அனுப்புநர்
ப. நவநீதன்,
உடற்கல்வி ஆசிரியர்

பெறுநர்
தலைமையாசிரியர் அவர்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

பொருள்: பணி மாறுதல் கோருதல் தொடர்பாக.

வணக்கம். நான் தங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிந்து வருகிறேன். குடும்பச் சூழல் காரணமாக, பென்னாகரம் பகுதியில் காலியாக உள்ள பணியிடத்துக்கு மாறுதல் வேண்டுகிறேன். இவ்விண்ணப்பத்தைத் தங்கள் மேலான பரிந்துரையுடன் மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ப. நவநீதன்


அரூர்,
ஜூலை 29

அன்புள்ள உங்களுக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், வருகிறேன் என்றுதான் எழுதியிருப்பீர்கள் என நினைத்து, அறைக்குப் போகும்வரை பொறுக்காமல் வராந்தாவிலேயே பிரித்துவிட்டேன். "மதிப்பிற்குரிய அம்மா" என்று இருந்தது. முதலில் சிரிப்பு வந்தது.

யாருடைய விண்ணப்பத்தையும் நான் மறுநாள்வரை வைத்துக்கொள்வதில்லை. இதை மட்டும் இழுப்பறையில் வைத்துத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். உடற்கல்வி ஆசிரியர் வேறு இல்லை, விடுவிக்க இயலாது என்று ஒரு வரி எழுதினால் போதும், உங்களால் எங்கும் போக முடியாது. அந்த வரியை எழுதும் அதிகாரம் எனக்கு இருக்கிறது. எழுதினால் தினமும் காலையில் நீங்கள் என் எதிரில் வந்து நின்றாக வேண்டும். கூப்பிட்டும் வராதவரைப் பிடித்து வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?

கிழித்தும் போட்டிருப்பேன், மனைவிக்கு எழுதியிருந்தால். நீங்கள் மனைவிக்கு எழுதவில்லை.

வெண்மதியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால், அம்மா அப்பாவை அனுப்பிவிட்டாள் என்று ஆகிவிடும். உங்கள் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அண்ணன் பையனை அனுப்புங்கள்.

விண்ணப்பத்தின் அடியில் தலைமையாசிரியர் எழுத வேண்டிய வரி ஒன்று உண்டு. எல்லாருக்கும் எழுதுவதுதான். இன்று மதியம் உங்களுக்கும் எழுதினேன்: "விண்ணப்பதாரரின் பணியும் நடத்தையும் திருப்திகரமாக உள்ளன. பரிந்துரைக்கப்படுகிறது." கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, மாலைத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

நிர்மலா